ஒகெட்டோ மரக்கரண்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், ஒகெட்டோ என்ற சிற்றூரின் பட்டறைகளில் செய்யப்படும் மரக்கரண்டி, உணவுக்குச்சி, கிண்ணம், தட்டு முதலியவை ‘ஒகே கிராஃப்ட்’ என்ற பொதுப்பெயரில் விற்பனைக்கு வருகின்றன. இவற்றை வாங்க எண்ணுபவர்களும், பரிசாகப் பெற்றுவிட்டு எப்படிப் பேணுவது என்று தெரியாமல் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

ஒகெட்டோ எப்படிப்பட்ட ஊர்?

ஹொக்கைடோவின் கிழக்குப் பகுதியில், கிட்டாமி நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், தொகோரோ ஆற்றங்கரையில் உள்ள ஊர் இது. நிலப்பரப்பில் பெரும்பகுதி காடு. மக்கள்தொகை சில ஆயிரம் மட்டுமே. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கும் 20 பாகை கீழே இறங்கிவிடும். மரம் வெட்டுவதும், வெட்டிய மரத்தைப் பனியின் மேல் குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் இழுத்து வருவதும் ஒரு காலத்தில் இவ்வூரின் பிழைப்பாக இருந்தன. அந்த வழக்கத்தின் தொடர்ச்சியாக, குதிரைக்குப் பதிலாக மனிதர்களே கட்டை ஏற்றிய வண்டியை இழுத்து ஓடும் போட்டி இன்றும் கோடையில் நடைபெறுகிறது. மரத்தொழில் நலிந்தபின் இளைஞர்கள் வெளியேறினார்கள். ஊர் வழியாகச் சென்ற இரயில் பாதையும் 2006ஆம் ஆண்டு மூடப்பட்டது.

இது பல நூறு ஆண்டுகளாகத் தொடர்ந்து வரும் குலத்தொழில்தானே?

இல்லை. ஜப்பானியக் கைவினை என்றாலே தந்தை மகனுக்குக் கற்றுக்கொடுத்த பதினைந்தாம் தலைமுறைக் கலை என்று நினைத்துக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. விற்பனையாளர்களும் அந்த எண்ணத்தைக் கலைப்பதில்லை. ‘ஒகே கிராஃப்ட்’ என்ற பெயர் பிறந்ததே 1983ஆம் ஆண்டில்தான். கையில் காடு இருந்தும் அதை வெறும் கட்டையாக வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஊர், அந்த மரத்துக்கு உள்ளூரிலேயே மதிப்பைக் கூட்ட வழி தேடியபோது, தொழில்துறை வடிவமைப்பாளர் யோஷியோ அகியோகாவை அழைத்து ஆலோசனை கேட்டது. பெரும் நிறுவனங்களுக்கு வடிவமைப்புச் செய்து புகழ்பெற்ற அவர், பிற்காலத்தில் பேரளவு உற்பத்தியை விட்டு விலகி, வாங்கித் தீர்ப்பவர்களாக இருக்கும் மக்கள் பொருளை விரும்பிப் பயன்படுத்துபவர்களாக மாற வேண்டும் என்று வாதிட்டு வந்தவர். அவருடைய தூண்டுதலால் தொடங்கிய முயற்சிக்கு, மரக்கடைசலில் தேர்ந்த தத்ஸுவோ தொகிமாட்சு தொழில்நுட்பப் பயிற்சி அளித்தார்.

இந்த வரலாற்றில் வியப்புக்குரியது, முன்னின்று நடத்தியது தொழிற்சாலையோ வணிகரோ அல்ல, ஊராட்சியின் வயதுவந்தோர் கல்விப் பணியோடு சேர்ந்த முயற்சி என்பதாகும். சிறிய ஊராக இருந்தும், ஆளுக்கு இத்தனை நூல்கள் என்ற கணக்கில் இரவல் தருவதில் நாட்டிலேயே முன்னணியில் நின்ற பொது நூலகத்தை நடத்திய ஊர் இது. அதே மனப்போக்கில்தான் மரவேலையையும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றாக அணுகினார்கள். வெளியூர்களிலிருந்து வருபவர்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி அளித்து, அவர்கள் ஊரிலேயே பட்டறை அமைத்துத் தங்குவதற்கு வழிசெய்தார்கள். ஆகவே இன்று அங்கே கரண்டி செதுக்குபவர்களில் பலர் வேறு ஊர்களில் பிறந்து, வேறு வேலைகளை விட்டுவிட்டு வந்தவர்கள். பரம்பரை இல்லை என்பதைக் குறையாக நான் கருதவில்லை. ஒரு தலைமுறைக்குள் ஒரு தொழிலை ஊன்றிக் காட்டியதுதான் அரிய செயல்.

அப்படியானால் ஜப்பானின் பழைய மரக்கடைசல் மரபு எங்கே இருக்கிறது?

அது மலைகளில் இருக்கிறது. மத்திய ஜப்பானின் மலைக்காடுகளில், நல்ல மரம் உள்ள இடத்தில் குடிசை போட்டுக் கிண்ணங்களைக் கடைந்துவிட்டு, மரம் தீர்ந்தபின் அடுத்த மலைக்கு நகரும் ‘கிஜிஷி’ என்ற கடைசலர்கள் வாழ்ந்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு இளவரசர் கொரேதாகாவே தங்கள் தொழிலின் முன்னோடி என்று அவர்கள் நம்பினார்கள். இன்றைய ஷிகா மாநிலத்திலுள்ள ஒகுரா பள்ளத்தாக்கு அவர்களுடைய தாயகமாகக் கருதப்பட்டது. அங்கிருந்து பெற்ற ஓலைகளைக் காட்டி மலைகளில் மரம் வெட்டும் உரிமையைக் கோரினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த மெய்ஜி அரசு நிலவுடைமையை வரையறுத்தபின் நாடோடி வாழ்க்கைக்கு இடமில்லாமல் போனது. நாகானோ மாநிலத்தின் நகிசோ போன்ற ஊர்களில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் கடைசல் பட்டறைகளை நடத்துகிறார்கள்.

ஹொக்கைடோவைப் பொறுத்தவரை, குடியேறிய ஜப்பானியர்களுக்கு முன்பே அங்கு வாழ்ந்துவந்த ஐனு மக்கள் மரத்தில் கரண்டியும் அகப்பையும் தட்டும் செதுக்கி வந்தார்கள். நிபுதானி என்ற சிற்றூரில் ஐனு மக்கள் செதுக்கும் மரத்தட்டுகள் 2013ஆம் ஆண்டு ஜப்பானிய அரசின் மரபுக் கைவினைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஒகெட்டோவின் வேலையை இந்த மரபோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்தத் தீவில் மரக்கரண்டியின் கதை 1983இல் தொடங்கியது என்று எழுதுவதும் நேர்மையாகாது.

குச்சியால் சாப்பிடும் ஊரில் கரண்டிக்கு என்ன வேலை?

சாரத்தை (சூப்பை) கிண்ணத்தோடு வாயில் வைத்துப் பருகுவது ஜப்பானிய வழக்கம் என்பதால், நெடுங்காலம் அன்றாடச் சாப்பாட்டில் கரண்டி பெரிதாகத் தேவைப்படவில்லை. கொதிக்கும் சாரம் நிறைந்த கிண்ணத்தைக் கையில் ஏந்த வேண்டியிருந்ததால்தான் மரக்கிண்ணம் அங்கே நிலைபெற்றது. மெய்ஜி காலத்துக்குப் பின் சோற்றின் மேல் கறிக்குழம்பை ஊற்றிச் சாப்பிடும் ‘கரே ரைஸ்’ பரவியபோது கரண்டியும் வீட்டுக்குள் வந்தது. பெரும்பாலும் உலோகக் கரண்டியாக வந்ததை மரத்தில் செய்து பார்த்தது அண்மைக் காலத்துக் கைவினைஞர்களின் வேலை.

எந்த மரங்களைப் பயன்படுத்துகிறார்கள்?

ஒகெட்டோ முதலில் பெயர் பெற்றது ஊசியிலை மரங்களில் செய்த கிண்ணம், தட்டுகளுக்காக. எஸோ ஸ்புரூஸ், தொதொமட்சு ஆகிய மரங்கள் வெளிர்நிறமும் குறைந்த எடையும் கொண்டவை. கட்டுமானத்துக்கும் காகிதக்கூழுக்கும் அனுப்பப்பட்டவை. சாப்பாட்டுக் கலங்களுக்கு இவ்வளவு மென்மையான மரம் ஆகாது என்ற பொதுக் கருத்து இருந்தது. மரத்துக்குள் ஊறி இறுகும் பூச்சைக் கொடுத்து அந்தக் குறையைப் போக்கியது தொகிமாட்சுவின் பங்களிப்பு. இவ்வூர்ப் பள்ளிகளில் குழந்தைகளின் மதிய உணவு இந்த வெண்மரக் கலங்களில் பரிமாறப்பட்டது. தினமும் கழுவி, அடுக்கி, கீழே போட்டுப் பயன்படுத்தும் குழந்தைகளைவிடக் கடுமையான சோதனைக்கூடம் எதுவும் இருக்க முடியாது.

கரண்டியின் கதை வேறு. மெல்லிய கழுத்தும் கூரிய விளிம்பும் உடைய பொருளுக்கு இறுக்கமான அகன்ற இலை மரமே ஏற்றது. மேப்பிள், செர்ரி, பிர்ச், வால்நட் ஆகியவை ஜப்பானியக் கரண்டி செதுக்குபவர்கள் விரும்பும் மரங்கள். மேப்பிள் வெண்மையாக இருந்து காலப்போக்கில் தேன் நிறம் பெறும். செர்ரி செம்மை கூடும். வால்நட் கரும்பழுப்பாக இருந்து சற்றே வெளிறும். குளிர்ப் பகுதியில் மெதுவாக வளர்வதால் இம்மரங்களின் வளர்ச்சி வளையங்கள் நெருக்கமாக இருக்கும்.

ஒரு கரண்டி எவ்வாறு உருவாகிறது?

மரத்தை நன்றாக உலர்த்துவதில்தான் பாதி வேலை இருக்கிறது. பச்சை மரத்தில் செதுக்கிய பொருள் உலரும்போது சுருங்கி முறுக்கிக்கொள்ளும். எனவே பலகையாக அறுத்துக் காற்றாட அடுக்கி, பிறகு உலர் அறையில் வைத்து, ஈரப்பதத்தைப் பத்து விழுக்காட்டை ஒட்டிய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள்.

அடுத்து, மரத்தின் நார் கைப்பிடி நெடுக ஓடும்படி வரைபடத்தைப் பலகையில் வைத்து வரைந்து, பட்டைவாள் இயந்திரத்தில் உருவத்தை அறுத்தெடுக்கிறார்கள். நாரின் போக்கு கழுத்துப் பகுதியில் குறுக்கே வெட்டுப்பட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கரண்டி அங்கேதான் முறியும். கரண்டியின் முகத்தை முதலில் குழிக்கிறார்கள். வெளிப்புறத்தை முதலில் உருட்டிவிட்டால் குழிக்கும்போது பிடித்துக்கொள்ளத் தட்டையான அடிப்பகுதி இருக்காது. வளைந்த உளி இருபுறமிருந்தும் குழியின் நடுவை நோக்கி இறங்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே வீச்சில் ஓட்டினால், ஏறும் பாதியில் நார் பிய்ந்துகொண்டு வரும். குழி முடிந்தபின் வெளிப்புறத்தைக் கத்தியாலும் சிறு இழைப்புளியாலும் மெலியவைக்கிறார்கள். விளிம்பு இரண்டு மில்லிமீட்டரை நெருங்கும்போது கண்ணை நம்பாமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தடவித்தான் கனத்தை அறிகிறார்கள்.

கடைசியாக உப்புத்தாள். கரடு, நடு, மென்மை என்று படிப்படியாகத் தேய்த்தபின், ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுகிறார்கள். படுத்திருந்த நார் முனைகள் ஈரம் பட்டுச் சிலிர்த்து எழும்; அவற்றை மீண்டும் தேய்த்து நீக்கிய பிறகே பூச்சு. இந்தப் படியைத் தவிர்த்துச் செய்த கரண்டி, முதல் முறை கழுவியதும் நாக்கில் சொரசொரக்கும்.

இயந்திரம் பயன்படுத்தினால் அது கைவினையாகுமா?

ஆகும் என்பது என் கருத்து. பலகையை அறுக்கவும் கிண்ணம் கடையவும் மின்சாரம் உதவுகிறது. எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்வது கையாக இருக்கும்வரை சண்டையிட ஒன்றுமில்லை. ஜப்பானியக் கடைசலர்கள் பலர் தங்கள் உளியைத் தாங்களே உலையில் காய்ச்சி அடித்துக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மேலே என்ன பூசியிருக்கிறார்கள்? அது வயிற்றுக்குள் போகாதா?

மூன்று வகைப் பூச்சுகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது, ஆளிவிதை, வால்நட் போன்று காற்றில் இறுகும் எண்ணெய்கள். மரத்தின் இயல்பான தொடு உணர்வு இதில் அப்படியே இருக்கும். ஆனால் அவ்வப்போது மீண்டும் பூச வேண்டும். இரண்டாவது, பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்த பூச்சு. ஜப்பானின் உணவுக்கலச் சட்டத்துக்கு உட்பட்டவற்றையே கலங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். முழுமையாக இறுகியபின் அது சாப்பாட்டில் கரைவதில்லை, பராமரிப்பும் குறைவு.

மூன்றாவது ‘உருஷி’ என்ற மரப்பால். நம்மூரில் பொம்மைகளுக்குப் பூசும் அரக்கு ஒரு பூச்சியின் சுரப்பு. உருஷி ஒரு மரத்தின் பட்டையைக் கீறி எடுப்பது. பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரம் ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 200 மில்லி லிட்டர் மட்டுமே தரும். அதன்பின் அம்மரத்தை வெட்டிவிடுவார்கள். ஜப்பானிலேயே உற்பத்தியாகும் உருஷியில் பெரும்பங்கு இவாத்தே மாநிலத்தின் ஜோபோஜி பகுதியிலிருந்து வருகிறது. மற்றப் பூச்சுகள் காய்வதற்கு வறண்ட காற்று வேண்டும். உருஷிக்கு நேர்மாறாக 70 முதல் 80 விழுக்காடு ஈரப்பதமும் மிதமான வெப்பமும் வேண்டும். ஏனென்றால் அது நீர் ஆவியாகி உலர்வதில்லை, அதிலுள்ள நொதி ஒன்று காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு அதை இறுக வைக்கிறது. இறுகிய உருஷியை அமிலமோ கொதிநீரோ எளிதில் அசைக்காது. நீண்டநேர வெயில்தான் அதன் பகை.

உருஷி மரம் மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் கொப்பளிப்பதைப் போலவே பச்சை உருஷியும் செய்யும். நன்றாக இறுகிய பூச்சினால் பொதுவாகத் தொல்லை வருவதில்லை. ஆனால் சேராங்கொட்டையோ முந்திரித் தோட்டு எண்ணெயோ ஒத்துக்கொள்ளாதவர்கள், புதிதாகப் பூசிய உருஷிப் பொருளைச் சில மாதங்கள் காற்றாட வைத்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

உலோகக் கரண்டி இருக்கும்போது இது எதற்கு?

வாயில் வைத்தால் காரணம் தெரியும். துருப்பிடிக்காத எஃகு, மரத்தைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. சூடான கஞ்சியை எஃகுக் கரண்டியால் குடிக்கும்போது உதடு சுடுவது கஞ்சியால் மட்டுமல்ல, கரண்டியாலும்தான். பாத்திரத்தில் உரசும் ஓசையும் மரத்தில் இல்லை. குழந்தைகளுக்கும், பல் கூச்சம் உள்ள முதியவர்களுக்கும் இது உண்மையான வசதி. அதே நேரத்தில், எல்லா வேலைக்கும் மரம் சிறந்தது என்று சொல்ல மாட்டேன். மரத்தில் செய்த முள்கரண்டியின் பற்கள் தடித்திருப்பதால் நூடுல்ஸைச் சுருட்டுவதற்குப் பயன்படுமே தவிர, கடினமான எதையும் குத்துவதற்கு உதவாது.

உணவுக்குச்சியின் நீளத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் செங்கோணமாக விரித்து, இரு நுனிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்துகொள்ள வேண்டும். அந்த அளவில் ஒன்றரை மடங்கு இருப்பது உங்கள் கைக்கு ஏற்ற குச்சி. கடைகளில் ஆண்களுக்கு 23 சென்டிமீட்டர், பெண்களுக்கு 21 சென்டிமீட்டர் என்று பொதுவாக வைத்திருப்பார்கள். கையை அளந்து வாங்குவதே மேல். சாரக் கிண்ணத்தின் விட்டம் 12 சென்டிமீட்டரை ஒட்டியிருப்பதற்கும் கையளவே காரணம் என்பதை அகியோகா திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டி வந்தார்.

எப்படிக் கழுவ வேண்டும்?

சாப்பிட்டு முடித்ததும் மென்மையான பஞ்சில் சிறிது பாத்திரச் சோப்பைத் தொட்டுக் கழுவி, துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் போதும். தொட்டியில் ஊறப் போடக் கூடாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சூடான உலர்காற்று மரத்தைப் பிளந்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பும் ஆகாது. கம்பி நாரும் தேங்காய் நாரும் பூச்சை உரித்துவிடும்.

மஞ்சளும் புளியும் புழங்கும் நம் சமையலுக்கு இது தாங்குமா?

புளி ஒன்றும் செய்யாது. மஞ்சள், வெளிர்நிற மேப்பிள் கரண்டியில், அதிலும் எண்ணெய் மட்டும் பூசியதில், நிச்சயம் கறை விடும். மஞ்சளின் நிறமி வெயிலில் வெளிறக்கூடியது என்பதால், கழுவிய கரண்டியை இளவெயிலில் சற்று நேரம் வைத்தால் பெரும்பகுதி மறைந்துவிடும். உச்சிவெயிலில் மறந்துவிட்டால் விரிசல் விடும். கறையைப் பொறுக்க முடியாதவர்கள் வால்நட் மரத்தையோ உருஷி பூசியதையோ வாங்கலாம்.

பலர் கவனிக்கத் தவறுவது இரும்பை. ஈரமான மரக்கரண்டியை இரும்புச் சட்டியிலோ துருவேறிய கம்பித் தட்டிலோ விட்டுவைத்தால், மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து மை போலக் கருக்கும். இந்தக் கறை கழுவினால் போகாது. மேலும், இவை உண்பதற்கான கரண்டிகள். தாளிக்கும் எண்ணெயைக் கிளற இவற்றைப் பயன்படுத்தினால் பூச்சும் விளிம்பும் கெடும். அந்த வேலைக்கு அடுப்படியில் இருக்கும் அகப்பையே போதும்.

எந்த எண்ணெயைப் பூசலாம்? நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகுமா?

இரண்டும் பொருத்தமில்லை. தேங்காய் எண்ணெய் காற்றில் இறுகாது. நான்கு முறை கழுவினால் போய்விடும். நல்லெண்ணெய் அரைகுறையாக இறுகிப் பிசுபிசுத்து, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். உண்ணத்தக்க ஆளிவிதை எண்ணெயோ வால்நட் எண்ணெயோ ஏற்றது. கரண்டி முற்றிலும் உலர்ந்திருக்கும்போது மெல்லியதாகத் தடவி, அரை மணி நேரம் ஊறவிட்டு, மிஞ்சியதை அழுத்தித் துடைத்து, சில நாட்கள் காயவிட வேண்டும். மரம் வெளிறி வறண்டு தெரியும்போது இதைச் செய்தால் போதும். மாதந்தோறும் செய்யத் தேவையில்லை. துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியக் கூடாது, ஏனென்றால் இறுகும் எண்ணெய் வெப்பத்தை வெளிவிடுவதால் அந்தத் துணி தானாகவே தீப்பற்றக்கூடும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட்டுவிட்டு எறிய வேண்டும். பாலியூரித்தேன், உருஷி ஆகிய பூச்சுகளுக்கு எண்ணெய் வேண்டாம்.

மரத்தில் கிருமி தங்காதா?

ஈரமாகவே வைத்தால் தங்கும், பூசணமும் பிடிக்கும். கழுவி உலர்த்தினால் அச்சமில்லை. 1990களில் அமெரிக்க ஆய்வாளர் டீன் கிளைவர், காய் நறுக்கும் பலகைகளில் நடத்திய ஆய்வில், மரத்துக்குள் உறிஞ்சப்பட்ட பாக்டீரியா பெருகாமல் மடிவதையும், கத்திக்கீறல் விழுந்த பிளாஸ்டிக் பலகையைச் சுத்தம் செய்வது கடினமாக இருப்பதையும் கண்டார். கரண்டியில் விரிசல் விழுந்துவிட்டால் மட்டும் உண்பதற்குப் பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும்.

விலை ஏன் இவ்வளவு?

பொருளின் விலையில் மரத்தின் பங்கு சிறிது. உலர்த்தும் காலமும் செதுக்குபவரின் நேரமுமே பெரும்பங்கு. இத்தகைய கரண்டியை, அதே தோற்றத்தில் நூறு யென் கடையில் வாங்கலாம் என்பதும் உண்மை. விளிம்பின் கனத்தில்தான் இரண்டும் வேறுபடும்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பக்கவாட்டில் திருப்பி, கழுத்தில் நார் முறியாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். விளிம்பை உதட்டில் வைக்க முடியாவிட்டால் விரலால் தடவுங்கள். தடித்த விளிம்புடைய கரண்டியிலிருந்து சாரம் வாய்க்குள் வராமல் முகவாயில் வழியும். குழி மிக ஆழமாக இருந்தால் மேலுதடு அடியைத் தொடாது, சோறு ஒட்டிக்கொண்டே இருக்கும். பூச்சு எது என்று விற்பவரால் சொல்ல முடியவில்லை என்றால் வாங்காதீர்கள். அலங்காரச் செதுக்கல் நிறைந்த கைப்பிடியை நான் பரிந்துரைப்பதில்லை. அழுக்கு சேர்வதற்கு மட்டுமே அது உதவுகிறது.

நேரில் சென்று பார்க்க முடியுமா?

முடியும். மெமான்பெட்சு விமான நிலையத்தில் இறங்கி, கிட்டாமி வழியாகச் சாலையில் செல்ல வேண்டும். ஊரிலுள்ள வனக் கைவினைக் கூடத்தில் பல பட்டறைகளின் பொருட்களை ஒரே இடத்தில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். அகியோகா சேகரித்த பல்லாயிரம் கைக்கருவிகளும் அன்றாடப் பொருட்களும் இவ்வூரில்தான் பாதுகாக்கப்படுகின்றன. கரண்டி வாங்கப் போகிறவர்கள் அவற்றைப் பார்க்கவும் அரைநாள் ஒதுக்க வேண்டும். மரக்கட்டை இழுக்கும் போட்டியையும் காண விரும்பினால் பயணத்தை ஜூன் மாத இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.